ஒற்றை விரலுக்குத் திறந்த குழாய்

ஜெயராணி முந்தானையை இரண்டு சுற்றுச் சுற்றிக் குழாயின் கைப்பிடியைப் பிடித்தாள். ஒரு காலைச் சுவரில் அண்டக் கொடுத்தாள். பல்லைக் கடித்தாள். குழாய் அசையவில்லை. அவள் வளையல்தான் ஒன்று உடைந்து பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் விழுந்தது.

திங்கட்கிழமை காலை. மலைக்குப் போகும் முதல் பஸ்ஸுக்கு இன்னும் அரைமணி நேரம் இருந்தது. நான் கூடத்தில் காபியோடு உட்கார்ந்து, அவள் கூப்பிடட்டும் என்று காத்திருந்தேன். எப்போதும் அப்படித்தான். முதலில் தானே மல்லுக்கட்டிப் பார்ப்பாள். பிறகு அடுப்படியிலிருந்து குரல் வரும்: "ஏங்க, இத்த கொஞ்சம் தொறந்து வுடுங்க."

அன்றைக்குக் குரல் வரவில்லை. அவளே வந்தாள். உடைந்த வளையலை என் டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அடுத்த தடவ நான் வரப்ப இந்தப் பைப்பு ஒத்த வெரலுக்குத் தொறக்கணும். இல்லன்னா நான் அங்கயே இருந்துக்கறேன். அங்க ஊத்துத் தண்ணி. தொறக்கவும் வேணாம், மூடவும் வேணாம்."

பையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கிப் போய்விட்டாள். நான் வளையலைப் பார்த்துக்கொண்டே காபியைக் குடித்து முடித்தேன். அந்த நேரத்தில் காபி குடித்ததை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

எண்ணெய் விடுகிறவன் வீட்டில்

போன வாரம் இந்தப் பக்கத்தில், நான் சைக்கிளோடு ஏரி மதகில் இறங்கிய கதையைப் படித்த ஒரு வாசகர், "உமக்குக் கைவேலை எதுவுமே வராதா?" என்று கேட்டு எழுதியிருந்தார். வரும் ஐயா. ஒரே ஒரு வேலை வரும். எண்ணெய் விடுவேன்.

அப்போது கள்ளக்குறிச்சியில் ஒரு மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்திருந்தேன். பத்து மிஷின். அத்தனையும் என்னைவிட மூத்தவை. ஞாயிறுதோறும் ஒவ்வொன்றையும் திறந்து, பிரஷ்ஷால் தூசு தட்டி, மூக்கு நீண்ட டப்பாவால் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விடுவேன். பையன்களும் பெண்களும் சங்கராபுரத்திலிருந்தும் களமருதூர்ப் பக்கத்திலிருந்தும் பஸ் ஏறி வந்து தட்டிவிட்டுப் போவார்கள். லோயர் பரீட்சை, ஹையர் பரீட்சை, அதன்பிறகு ஒரு சர்க்கார் வேலை. இதுதான் கனவு.

ஜெயராணிக்கு அந்த வேலை முன்பே கிடைத்திருந்தது. மலையில், வெள்ளிமலையையும் தாண்டி ஓர் உண்டு உறைவிடப் பள்ளியில் டீச்சர். வெள்ளி சாயங்காலம் இறங்குவாள், திங்கள் காலை ஏறுவாள். கல்யாணமாகி எட்டு மாதம் ஆகியிருந்தது. சனி ஞாயிறாகச் சேர்த்துப் பார்த்தால் மூன்று மாதம்கூடத் தேறாது.

"பத்து மிஷினுக்கு வுடற எண்ணெயில ஒரு சொட்டு வூட்டுக்கு வுட்டா இன்னா?" என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். ஆகட்டும் என்பேன். அடுத்த வாரம் என்பேன்.

சோம்பேறித்தனம் என்று அவள் நினைத்தாள். அதுவும் உண்டுதான். ஆனால் இன்னொரு காரணமும் இருந்தது. அதை அப்போது யாரிடமும் சொல்லும் துணிச்சல் இல்லை.

அந்த வீட்டில் அவளுக்கு என்னால் ஆகவேண்டிய காரியம் அது ஒன்றுதான். சமையல் அவள் கையில் பறக்கும். கேஸ் சிலிண்டரை அவளே உருட்டி வைப்பாள். பல்லியையும் அவளே விரட்டுவாள், எனக்குப் பல்லி என்றால் பயம். குழாய் ஒன்றுக்குத்தான் நான் வேண்டும். "ஏங்க" என்று கூப்பிட்டதும் போய் நிற்பேன். குறுகலான அடுப்படி. அவள் நகர்ந்து வழிவிட்டாலும் தோள் உரசும். அவ்வளவு சுலபமாக ஓர் ஆண்பிள்ளை ஆகிவிடுகிற சந்தர்ப்பத்தை எந்த மடையன் எண்ணெய் விட்டுக் கெடுத்துக்கொள்வான்?

இப்போதைய வீட்டில் குழாயை லேசாகத் தட்டினாலே தண்ணீர் வருகிறது. மகளின் பிரசவத்துக்காக ஜெயராணி பெங்களூருக்குப் போய் இது மூன்றாவது மாதம். அடுப்படியில் நான் மட்டும் குழாயைத் தட்டுகிறேன், மூடுகிறேன். யாரும் கூப்பிடுவதில்லை. அதனால்தான் இந்த வாரம் அந்தப் பழைய பித்தளைக் குழாயின் ஞாபகம்.

மரமா, குழாயா

அந்த வாரத்தில்தான் சாலைகளில் மரம் விழ ஆரம்பித்தது.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் எங்கள் பக்கத்தில் எப்படி நடந்தது என்பது அந்த வயதுக்காரர்களுக்குத் தெரியும். உளுந்தூர்பேட்டையில் லாரிகள் கண்ணுக்கு எட்டிய மட்டும் நின்றன என்றார்கள். இந்தப் பக்கம் சாலையோரப் புளியமரங்கள் வெட்டுண்டு ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கே கிடந்தன. பஸ் கிடையாது. கடைகள் பாதி ஷட்டர்.

இன்ஸ்டிடியூட்டுக்கு ஒருவரும் வரவில்லை. என்னிடம் ஹையர் முடித்துவிட்டு, விண்ணப்பம் அடித்து அடித்து விரல் தேய்ந்தவர்களில் சிலர் அந்தச் சாலைகளில்தான் நின்றார்கள் என்று கேள்விப்பட்டேன். விண்ணப்பத்தைப் படிக்காதவர்கள் மரத்தையாவது பார்க்கட்டும் என்று நினைத்திருக்கலாம். அவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் அவர்களுடைய நியாயத்துக்கும் என் வெள்ளிக்கிழமைக்கும் நடுவில் நான் மாட்டிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் போய் நின்றேன். நாய்கள் மட்டும் படுத்திருந்தன. மலைப் பஸ் நிற்கும் இடத்தில் ஒரு மாடு சாவகாசமாக அசைபோட்டது.

சாதாரண மனிதன் என்ன நினைப்பான்? சாலையில் மரம், அதனால் மனைவி வரவில்லை. நானும் சனிக்கிழமை மத்தியானம் வரை அப்படித்தான் நினைத்தேன். சாப்பாட்டுக்கு மேல் இன்னொரு யோசனை வந்தது. மரம் இல்லாவிட்டால் மட்டும் வந்திருப்பாளா? அங்கேயே இருந்துக்கறேன் என்றாளே. மரத்தால் வரவில்லையா, குழாயால் வரவில்லையா? மரம் என்றால் யாராவது அறுத்துப் போடுவார்கள். குழாய் என்றால்?

ஞாயிறு காலை டைப்ரைட்டர் எண்ணெயை எடுத்துவந்து கைப்பிடியின் இடுக்கில் விட்டேன். பத்துச் சொட்டு. மத்தியானம் கொஞ்சம் இளகியது போலிருந்தது. சாயங்காலம் காபியில் மிஷின் வாசனை அடித்தது. திங்கட்கிழமை பழையபடி இறுகிவிட்டது. சரி, விளக்கெண்ணெய்தான் நயமானது என்று அதையும் ஊற்றினேன். செவ்வாய்க்கிழமை கைப்பிடி முன்னைவிடக் கெட்டியாக உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்தது.

புதன்கிழமை மலையிலிருந்து சேதி வந்தது. கடுக்காய் மூட்டையோடு நடந்தே இறங்கிய ஒருவர் வீடு விசாரித்து வந்தார். மூட்டையைக்கூட இறக்காமல் சொன்னார்: "டீச்சரு சொல்லச் சொன்னாங்க. இங்க தண்ணியெல்லாம் நல்லாத்தான் இருக்குது, ஒண்ணும் கவலப்பட வேணான்னு."

வேறு ஒன்றும் சொல்லவில்லையா என்று கேட்டேன். இல்லை என்றார். எப்போது வருவாளாம் என்று கேட்டேன். அதைச் சொல்லவில்லையே என்று தலையைச் சொறிந்தார்.

அவர் போனபிறகு படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். தண்ணி நல்லாத்தான் இருக்குது. தொறக்கவும் வேணாம், மூடவும் வேணாம். தீர்ப்பு எழுதி, கடுக்காய் மூட்டையோடு அனுப்பிவிட்டாள்.

தலை வேறு, உடம்பு வேறு

பிளம்பர் கோவிந்தன் சங்கராபுரத்தில் மாட்டிக்கொண்டிருந்தான். கீழ்வீட்டு அஞ்சலை அக்காவிடம் ஒரு ஸ்பேனர் இருந்தது. அவர் வீட்டுக்காரர் போர்செட்டு வேலைக்குப் போகிறவர், அவரும் வெளியூரில் சிக்கியிருந்தார்.

"மொட்டமாடி வால்வ மூடிட்டுத்தான செய்யப் போற, தம்பி?" என்று கேட்டுக்கொண்டே கொடுத்தார்.

மூடத்தான் போனேன். சத்தியமாக. ஆனால் அந்த வால்வு குழாயைவிட இறுகியிருந்தது. இரண்டு கையாலும் திருகிப் பார்த்தேன். பிறகு, மேல்நட்டை மட்டும் லேசாகத் தளர்த்தினால் தண்ணீரா வந்துவிடப் போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு இறங்கினேன்.

மேல்நட்டு எது, குழாயின் தலையையே கழற்றுகிற பெரிய நட்டு எது என்று எனக்குத் தெரியாது. பெரியதாக இருந்ததைத்தான் ஸ்பேனர் கவ்வியது. நான்கு சுற்று. ஐந்தாவது சுற்றில் கைப்பிடி, தண்டு, நட்டு எல்லாம் என் கையோடு வந்துவிட்டன. வந்த வழியில் தண்ணீரும் வந்தது. நேராக மூக்கில்.

கட்டைவிரலை வைத்து அடைத்தேன். விரலைச் சுற்றி நாலா பக்கமும் பீய்ச்சியது. எதிர்ச் சுவரில் இருந்த மாதா படம் நனைந்தது. "மாதாவே மன்னிச்சிடு" என்றேன். பிறகு "அஞ்சலக்கா" என்று அலறினேன்.

அவர் ஓடிவந்து பார்த்தார். என்னைப் பார்த்தார், என் கட்டைவிரலைப் பார்த்தார். வால்வைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அப்படியே புடிச்சிக்கினு இரு தம்பி, வந்துட்டேன்" என்று கீழே போனார். ஸ்பேனரில் கைதேர்ந்த யாரையாவது அழைத்துவரப் போகிறார் என்று நம்பினேன். குடங்களோடு வந்தார். பின்னாலேயே தெருவில் பாதிப் பேர் குடத்தோடு வந்தார்கள். கரண்டு இல்லாமல் இரண்டு நாளாக யார் வீட்டிலும் மோட்டார் ஓடவில்லை.

ஒவ்வொருவராக வந்து குடத்தை நீட்டுவார்கள். நான் விரலை எடுப்பேன். நிறைந்ததும் மூடுவேன். மொட்டைமாடித் தொட்டி காலியாகும்வரை, வெகுநேரம், நானே குழாயாக நின்றேன். ஒரு கிழவர் தன் சொம்பை நிரப்பிக்கொண்டு, "இந்தப் பைப்பு நல்லா லேசா தொறக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பாதி ஷட்டர்

கழன்ற தலையைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஹார்டுவேர் கடைக்குப் போனேன். ஷட்டர் முழங்கால் உயரத்துக்குத்தான் திறந்திருந்தது. தெருவில் குந்தி உட்கார்ந்தேன். உள்ளே கரீம் பாயின் முழங்காலும் தாடியும் தெரிந்தன.

"இன்னா சார், தலையக் கொண்ணாந்துகீறீங்க. ஒடம்பு எங்க?"

"செவுத்துல கீது பாய்."

"தண்ணி?"

"வூடு பூரா."

வாங்கிப் பார்த்தார். முகர்ந்தார். "இதுல இன்னா வுட்டீங்க?"

"மிஷின் ஆயிலு. அப்பறம் வெளக்கெண்ணெய்."

"ரசம் வுடலியா?"

தண்டை விரலால் சுரண்டினார். வெள்ளையாக உதிர்ந்தது. எங்கள் ஊர் போர்த் தண்ணீரின் உப்பு. அதை எடுக்காமல் மேலே எண்ணெய் விட்டால் இரண்டும் சேர்ந்து பிசினாகிவிடும் என்றார். புளி போட்டுத் தேய்க்க வேண்டும், பித்தளை மஞ்சளாகத் தெரிகிறவரை. தண்டைச் சுற்றியிருக்கும் பழைய நூலைப் பிய்த்தெறிந்துவிட்டுப் புதிதாகப் பருத்தி நூல் சுற்ற வேண்டும். அதன்மேல் கிரீஸ் மாதிரி ஏதாவது.

"கிரீசு லாரி வரல. வாசலைன் இருக்குதா வூட்ல? வூட்டம்மா காலு வெடிப்புக்குத் தடவுவாங்களே, அது. தண்ணியில கரையாது, நாத்தமும் கெடையாது."

பிறகு மேலே இருந்த சின்ன நட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத்த யாரோ போட்டு முறுக்கிகீறாங்க சார். ஒழுகுதுன்னு முறுக்கியிருப்பாங்க. நூலு நசுங்கி, தண்டு மூச்சு வுட முடியாம மாட்டிக்கிச்சி. எந்தப் புத்திசாலி செஞ்சான்னு தெரியல."

எனக்குத் தெரிந்தது. கல்யாணமான புதிதில் அந்தக் குழாய் ஓரத்தில் கசிந்தது. மனைவியின் முன்னால் வீரத்தைக் காட்ட, இடுக்கியால் அந்த நட்டை இறுக்கியவன் நான்தான். "பரவால்லியே" என்று அவளும் சொன்னாள். அந்த ஒரு வார்த்தைக்கு எட்டு மாதமாக அவள் மணிக்கட்டு வலித்துக்கொண்டிருந்தது.

கிண்ணக் குழி

புளியை அஞ்சலை அக்கா கொடுத்தார். சாலையில் விழுந்த மரத்தில் பறித்த பச்சைப் புளியங்காய், துவையலுக்கென்று மடியில் கட்டிவந்தது. அதை நசுக்கித் தேய்த்தேன். ஜெயராணியை வரவிடாமல் மறித்த மரத்தின் காய், அவள் குழாயின் உப்பைக் கரைத்தது. மத்தியானம் வரை தேய்த்தேன். தண்டின் மரை ஒவ்வொன்றும் மஞ்சளாக வெளியே வந்தது. சட்டைப் பொத்தான் தைக்கிற நூலை எடுத்துச் சுற்றினேன்.

வாசலைன் பாட்டில் கண்ணாடிக்குக் கீழே பலகையில் இருந்தது. அகல வாய்ப் பாட்டில். மூடியைத் திறந்தவன், கையை உள்ளே விடாமல் நின்றுவிட்டேன்.

திங்கட்கிழமை காலை அவசரத்தில் தடவிக்கொண்டு போயிருக்கிறாள். மோதிர விரலால் வழித்த தடம் அப்படியே இருந்தது. ஒரு பக்கம் குழிந்து, முடிவில் சின்னதாக ஒரு சுழிப்பு. ஓரத்தில் நகத்தின் பிறை. பத்து நாளாகியும் கலையவில்லை. வீட்டில் அவள் சேலை இருந்தது, செருப்பு இருந்தது, உடைந்த வளையல்கூட இருந்தது. அதெல்லாம் சாமான். இது மட்டும் அவள் இப்போதுதான் கையை எடுத்த மாதிரி இருந்தது.

நான் கேலிக்காரன். என் தகப்பனார் சாவுக்கே வந்தவர்களைச் சிரிக்கவைத்தவன். அந்தப் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு மூக்கை உறிஞ்சியபடி நின்றேன் என்று எழுதுவதற்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

ஒரு தீக்குச்சியை எடுத்து, அந்தக் குழியைத் தொடாமல், எதிர்ப்பக்கத்து ஓரத்திலிருந்து கிள்ளிக் கிள்ளி எடுத்தேன். எலி கொறித்த மாதிரி ஆயிற்று. நூலிலும் மரையிலும் பூசினேன். பெரிய நட்டை இறுக்கினேன். சின்ன நட்டை விரலால் மட்டும் திருகி, ஸ்பேனரால் ஒரே ஒரு கால் சுற்று. வீரம் வேண்டாம்.

கைப்பிடியைச் சுண்டுவிரலால் தொட்டேன். வெண்ணெயில் கத்தி போலத் திரும்பியது. அடுப்படியில் நான் மட்டும் இருந்தேன். பெருமையைக் காட்ட ஆளில்லை. திறந்தேன், மூடினேன். திறந்தேன், மூடினேன். தொட்டியில் தண்ணீர்கூட இல்லை.

மரவள்ளி லாரி

அடுத்த சில நாளில் மரங்களை அறுத்து ஒதுக்கினார்கள். கரண்டு வந்தது, தொட்டி நிறைந்தது. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் பஸ் ஸ்டாண்டில் மாட்டுக்குப் பக்கத்தில் நின்றேன். முதல் பஸ்ஸில் அவள் இல்லை. அடுத்த பஸ்ஸே இல்லை. சரி, முடிந்தது கதை என்று வீட்டுக்குத் திரும்பினேன்.

கதவு திறந்திருந்தது. கூடத்தில் அவள் பை. பஸ்ஸை நம்பாமல் பாதி மலை நடந்து இறங்கி, கச்சிராயபாளையத்தில் மரவள்ளிக்கிழங்கு லாரி பிடித்து, எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தாள்.

அடுப்படிக்கு ஓடினேன். செம்மண் தூசியோடு குழாய் முன்னால் நின்றாள். பழக்கதோஷம். முந்தானையை இரண்டு சுற்றுச் சுற்றியாயிற்று, காலை அண்டக் கொடுத்தாயிற்று, பல்லைக் கடித்தாயிற்று. "ராணி, வேணாம்" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் முழுப் பலத்தையும் போட்டுத் திருகினாள்.

நிறைந்த மொட்டைமாடித் தொட்டியின் தண்ணீர் மொத்தமும் ஒரே வீச்சில் கழுவும் தொட்டியின் தரையில் மோதி எழும்பியது. தலையிலிருந்து கால்வரை நனைந்தாள். மாதாவும் இரண்டாவது முறை நனைந்தாள்.

மெதுவாக, ஒரு விரலால் குழாயை மூடினாள். திறந்து பார்த்தாள். மூடினாள்.

"இன்னாங்க இது?"

"ஒத்த வெரலுக்குத் தொறக்கணும்னு சொன்னியே."

"அத்த நான் கோவத்துல சொன்னேன். பஸ்ஸு ஊரத் தாண்டறதுக்குள்ள மறந்துட்டேன்."

தண்ணீர் நல்லா இருக்குது என்று சொல்லியனுப்பினாயே என்றேன். மலைத் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கிறாயா என்று வாராவாரம் அரிக்கிற நான் பயந்துவிடக் கூடாதே என்று சொல்லியனுப்பினாளாம்.

நான் நனைந்த தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வாய் தானாகத் திறந்தது. "முன்னாடியே செஞ்சிருப்பேன் ராணி. தொறக்க வந்துட்டா நீ என்னைக் கூப்புட மாட்டியேன்னுதான் தள்ளிப் போட்டேன்."

அவள் ஈரத்தலையோடு என்னைப் பார்த்தாள். பிறகு புடவை மாற்றப் போனாள்.

கூடத்தில் உட்கார்ந்து வெடித்த குதிகாலுக்கு வாசலைன் பாட்டிலைத் திறந்தவள், "இதுல எலி வாய வச்சிதா?" என்றாள். ஒரு பக்கம் கொறித்திருந்ததையும் மறுபக்கம் தன் விரல் தடம் அப்படியே இருந்ததையும் மாறிமாறிப் பார்த்தாள். மோதிர விரலை அந்தக் குழியிலேயே வைத்து வழித்தாள். அத்தனை நாள் நான் காத்த தடம் ஒரு நொடியில் போயிற்று. போகட்டும். விரலே வந்துவிட்டது.

சனி போனது. ஞாயிறு போனது. குழாயை அவளே திறந்தாள், அவளே மூடினாள். நான் கூடத்தில் வேலையில்லாதவனாக உட்கார்ந்திருந்தேன்.

திங்கட்கிழமை காலை. மலைக்குப் போகும் முதல் பஸ்ஸுக்கு இன்னும் அரைமணி நேரம் இருந்தது. நான் காபியைக் கையில் எடுத்தேன்.

"ஏங்க, இத்த கொஞ்சம் தொறந்து வுடுங்க."

காபியை வைத்துவிட்டு ஓடினேன். குறுகலான அடுப்படியில், வழியும் விடாமல், காய்ந்த கையோடு நின்றாள். நான் வேட்டியை மடித்துக் கட்டினேன். ஒரு காலைச் சுவரில் அண்டக் கொடுத்தேன். பல்லைக் கடித்தேன். ஒற்றை விரலால் திறந்துவிட்டேன்.